எட்டு டிசம்பர்களும் ஒரு நோட்டும்: ஓடிடி கிறிஸ்துமஸ் படங்களோடு என் அனுபவம்

2018 டிசம்பரில் தொடங்கிய பழக்கம் இது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகளோடு உட்கார்ந்து ஓடிடியில் ஒரு கிறிஸ்துமஸ் படம் பார்ப்போம். பார்த்த படத்தின் பெயரையும் தேதியையும் ஒரு பழைய நோட்டில் குறித்து வைத்தேன். அடுத்த டிசம்பரில் அவள் அந்த நோட்டைப் புரட்டி, "இதை மறுபடி போடுங்கப்பா" என்று ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் நட்சத்திரம் போட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மதிப்பெண் என்றால் அந்த நட்சத்திரம்தான். பார்த்த அன்று பிடித்திருந்தது என்பதற்கு நட்சத்திரம் கிடையாது. ஒரு வருஷம் கழித்து யாராவது அதை ஞாபகம் வைத்துக் கேட்க வேண்டும். வருஷா வருஷம் திரும்பப் பார்ப்பதற்கென்றே எடுக்கப்படும் படங்களை வேறு எப்படி எடை போடுவது?

நோட்டில் இப்போது நாற்பதுக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. நட்சத்திரங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

முதலில் ‘க்ளவுஸ்’. நெட்ஃப்ளிக்ஸில் 2019 நவம்பரில் வந்தது. ஆறு டிசம்பர் தொடர்ந்து கேட்கப்பட்ட ஒரே படம். ஸ்பெயின்காரரான செர்ஜியோ பாப்லோஸ் இயக்கியது. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். முதல் தடவை பார்த்தபோது கண்ணை இழுத்தது வெளிச்சம். கையால் வரைந்த படம்தான், ஆனால் விளக்கின் ஒளி முகத்தில் விழுந்து வழிவதைப் பார்த்தால் வரைந்தது என்றே தோன்றாது. கோட்டோவியத்தின் மேல் ஒளியையும் நிழலையும் சேர்க்கத் தனியாகக் கருவிகள் உருவாக்கியிருக்கிறார்கள்.

கதை ஒரு சோம்பேறித் தபால்காரனுடையது. செல்வாக்கான அப்பா அவனை ஒரு பனிப்பிரதேசத் தீவுக்குத் துரத்தி, ஒரு வருஷத்தில் ஆறாயிரம் கடிதங்கள் சேர்க்கச் சொல்கிறார். அந்த ஊரில் இரண்டு குடும்பங்களுக்குத் தலைமுறைப் பகை. யாரும் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. காட்டுக்குள் தனியாக இருக்கும் தச்சர் ஒருவரின் வீட்டில் அலமாரி அலமாரியாகப் பொம்மைகள், அவற்றை வைத்து விளையாட ஒரு குழந்தையும் இல்லை. ஏன் இல்லை என்பதைப் படம் அவசரப்பட்டுச் சொல்வதில்லை. அந்தக் காரணம் தெரியும் இடத்தில் என் மனைவி ஒவ்வொரு வருஷமும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

எங்கள் வீட்டுக்குப் பிடித்த இடம் வேறு. மார்கு என்ற சிறுமி, வட ஐரோப்பாவின் சாமி (Sámi) பழங்குடியைச் சேர்ந்தவள், தபால்காரனிடம் வந்து தன் மொழியில் பேசிக்கொண்டே இருப்பாள். அவனுக்கு ஒரு வார்த்தை புரியாது. நமக்கும் புரியாது, ஏனென்றால் அவள் பேச்சுக்கு வசன எழுத்துகள் போடவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்பது முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. எட்டு வயதில் என் மகள் அந்தப் பேச்சை வாய்க்கு வந்தபடி திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். இப்போது பதினான்கு வயது. இந்தத் தடவை அந்தக் காட்சி வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல படத்துக்குக் கடைசி நிமிடம் முக்கியம். அந்த நிமிடம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிய நொடியில் திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போகிறது, சம்பந்தமில்லாத வேறொரு படத்தின் முன்னோட்டம் கத்தத் தொடங்குகிறது. கண்ணைத் துடைப்பதற்குக் கூட நேரம் கொடுப்பதில்லை. நான் வைத்திருக்கும் சேவைகளில் ஒன்றில் இதை நிறுத்தும் வழியைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. தானாக ஓடுவதை நிறுத்தும் தெரிவு பெரும்பாலும் அமைப்புகள் பகுதியில் இருக்கும், சில சேவைகளில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும். டிசம்பருக்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள். அப்புறம், போன வருஷம் பார்த்தது இந்த வருஷமும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். உரிமம் வாங்கி ஓட்டும் பழைய படங்கள் ஒப்பந்தம் முடிந்ததும் காணாமல் போய்விடும். அந்தச் சேவை சொந்தமாக எடுத்த படங்கள்தான் பெரும்பாலும் நிலைத்து இருக்கின்றன.

இனி இளவரசர் கதைகள். ‘எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்’ 2017இல் வந்தது, ‘தி பிரின்சஸ் ஸ்விட்ச்’ அடுத்த வருஷம். ஆல்டோவியா, பெல்கிரேவியா என்று வரைபடத்தில் இல்லாத நாடுகள், கோட்டை, பனி, சாதாரணப் பெண், கடைசியில் கல்யாணம். ‘தி பிரின்சஸ் ஸ்விட்ச்’ படத்தில் வனெசா ஹட்ஜென்ஸுக்கு இரட்டை வேடம், 2020இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் மூன்று வேடம். ஏழு வயதுக் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விருந்து என்பதை நேரில் பார்த்தவன் நான். யார் யாராக நடிக்கிறாள் என்று அவள் எங்களுக்கு விளக்குவாள். அந்த இரண்டாம் பாகத்தில் ஆல்டோவியாவின் ராஜாவும் ராணியும் விருந்தாளிகளாக வந்து நிற்பார்கள். இரண்டையும் பார்த்திருந்தால் அது சொந்தக்காரர்களைக் கல்யாணத்தில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். ஆனால் பன்னிரண்டு வயதில் அவளே ரப்பரை எடுத்து அந்த நட்சத்திரத்தை அழித்துவிட்டாள். தடம் மட்டும் மங்கலாக இருக்கிறது. படம் மாறவில்லை, அவளுக்குக் காதல் கதையில் கேள்விகள் வந்துவிட்டன. "ஒரு வாரத்துல எப்படிப்பா கல்யாணம் பண்ணிக்கிறாங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை.

இந்த வகைப் படங்கள் ஏன் ஒரே அச்சில் வருகின்றன என்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஹால்மார்க் சேனல் 2009 முதல் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் வரிசையாகப் புதுக் கிறிஸ்துமஸ் படங்களை ஒளிபரப்பி வருகிறது. இரண்டு மூன்று வாரத்தில் படப்பிடிப்பு முடியும், பல படங்கள் கனடாவில், அதுவும் கோடைக்காலத்தில் எடுக்கப்படுகின்றன. ஓடிடிகள் அந்த அச்சை அப்படியே எடுத்துக்கொண்டன. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பிடிபடும்: சுற்றிலும் பனி, ஆனால் பேசும்போது வாயிலிருந்து ஆவி வராது. கையில் இருக்கும் காபிக் கோப்பை காலி என்பது அதைத் தூக்கும் விதத்திலேயே தெரியும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பனி பொய்யாக இருக்கலாம், பாத்திரத்தின் துக்கம் பொய்யாக இருக்கக் கூடாது.

அதனால்தான் 2024இல் வந்த ‘ஹாட் ஃப்ராஸ்டி’ என்னை ஆச்சரியப்படுத்தியது. ஒரு பனிச் சிலைக்குச் சால்வை போர்த்துகிறாள் கதாநாயகி, அது அழகான ஆணாக உயிர் பெறுகிறது. கதையைக் கேட்டதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் லேசி ஷபேர் நடித்த அந்தப் பெண் கணவனை இழந்தவள். அவன் போனபின் வீட்டில் பழுதான எதையும் அவள் சரி செய்யவில்லை. வந்தவன் கூரையில் ஏறி வேலை பார்க்கும்போது, அவள் ஏன் இத்தனை நாள் அதை அப்படியே விட்டுவைத்தாள் என்பது வசனம் இல்லாமலே புரிகிறது. போன டிசம்பரில் நானே கேட்டு மறுபடி பார்த்தேன். என் நட்சத்திரம் அதற்கு உண்டு.

அதே 2024இல் ‘தட் கிறிஸ்துமஸ்’. பிரிட்டிஷ் எழுத்தாளர் ரிச்சர்ட் கர்டிஸின் குழந்தைக் கதைகளிலிருந்து வந்த அனிமேஷன். ஒரு கடலோர ஊர், பனிப்புயல், நாலைந்து குடும்பங்கள். கொஞ்சம் அதிகமாகவே கதைகள், முதல் அரைமணி நேரம் யார் யாருடைய பிள்ளை என்றே குழப்பம். பொறுத்துக்கொள்ளுங்கள். டேனி என்ற பையனின் அப்பா அம்மா பிரிந்தவர்கள். அம்மா செவிலியர், பண்டிகை நாளில் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. தனியாக இருக்கும் அவனைத் தேடி, எல்லாப் பிள்ளைகளும் பயப்படும் கண்டிப்பான ஆசிரியை வருகிறார். அவரும் தனி ஆள்தான். அந்த இருவர் காட்சிகளுக்காகவே மகள் 2025இல் அதைக் கேட்டாள், நட்சத்திரமும் போட்டாள். சாண்டா செய்யும் குளறுபடிகள் அவளுக்கு ஞாபகமே இல்லை.

‘ரெட் ஒன்’ பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ட்வெயின் ஜான்சன், கிறிஸ் எவன்ஸ், சுமார் 25 கோடி டாலர் செலவு. தியேட்டருக்கு வந்து ஒரு மாதத்துக்குள் பிரைம் வீடியோவில் வந்தது. சாண்டாவாக வரும் ஜே.கே. சிம்மன்ஸ் தொடக்கத்தில் குழந்தைகளோடு பேசும் சில நிமிடங்கள் இதமானவை. அவரைக் கடத்திக்கொண்டு போனதும் படத்தின் உயிரும் கூடவே போய்விடுகிறது. ‘கேரி ஆன்’ நல்ல விறுவிறுப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விமான நிலையம், பாதுகாப்பு ஊழியரின் காதுக்குள் ஒரு மிரட்டல் குரல். ஜேசன் பேட்மேன் அந்தக் குரலை உயர்த்தாமல் பேசுவதுதான் பயம். முடிவு தெரிந்த பின்னும் இரண்டாம் தடவை பார்க்க முடிந்தது. ஆனால் அதை மார்ச் மாதத்திலும் பார்க்கலாம்.

2025 வரவுகளில் ‘மை சீக்ரெட் சாண்டா’ சிரிக்க வைத்தது. மகளைப் பனிச்சறுக்குப் பள்ளியில் சேர்க்க வழியில்லாத தாய், கிழவர் வேடம் போட்டு சாண்டா வேலைக்குப் போகிறாள். அலெக்சாண்ட்ரா பிரெக்கன்ரிட்ஜ் அந்த ஒப்பனைக்குள்ளும் தாயாகவே தெரிகிறார். ஒரு வருஷம் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

பிரைமில் வந்த ‘ஓ. வாட். ஃபன்.’ படத்துக்குத்தான் நான் அதிகம் காத்திருந்தேன். பண்டிகையைத் தன் தோளில் தூக்கிச் சுமக்கும் தாயாக மிஷெல் ஃபைஃபர். அவர் ஏற்பாடு செய்த நிகழ்ச்சிக்கு அவரையே மறந்துவிட்டுக் குடும்பம் கிளம்பிப் போகிறது. என்ன ஒரு தொடக்கம்! அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டுக் காரில் கிளம்பியதும் கதை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பின்னால் போய், பிள்ளைகளின் சின்னச் சின்னச் சண்டைகளில் சிதறுகிறது. மன்னிப்பும் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. அன்றிரவு நோட்டில் "பாதி நன்று" என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு நட்சத்திரம். இத்தனை வருஷத்தில் அந்த நோட்டைத் தொடாத என் மனைவி போட்டது. ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை மகள் எடுத்துச் சொன்னாள். "நான் காத்திருந்தது போதும்" என்றாள் மனைவி. நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. "பாதி நன்று" என்பதை நான் அடித்துவிட்டேன். மகள் இல்லாமல், நாங்கள் இருவரும் மட்டும் அதை இன்னொரு தடவை பார்க்கப் போகிறோம்.