சாம்பா பகிர்வுக்குக் காவல்: ஹோஸ்ட்ஸ் அலவா, ஃபயர்வாலா?

லினக்ஸ் சர்வரில், விண்டோஸ் கணினிகளுடன் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருள் வழியாகப் பகிர்ந்த ஃபோல்டரைக் குறிப்பிட்ட சில கணினிகள் மட்டும் திறக்க வேண்டுமா? சாம்பாவின் கான்ஃபிக் கோப்பில் ‘ஹோஸ்ட்ஸ் அலவ்’ (அனுமதி), ‘ஹோஸ்ட்ஸ் டினை’ (மறுப்பு) பட்டியல்களை எழுதலாம். அல்லது நெட்வொர்க் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில், சாம்பா பயன்படுத்தும் 445, 139 போர்ட்டுகளை அந்தக் கணினிகளுக்கு மட்டும் திறந்துவிடலாம். அமைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. “எனக்கு மட்டும் திறக்கவில்லை” என்று ஒருவர் வந்து நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஃபயர்வால் இணைப்பை ‘டிராப்’ செய்தால், அதாவது சத்தமில்லாமல் கைவிட்டால், பதிலே போகாது. விண்டோஸ் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று பிழை எண் 53-ஐக் காட்டும். சர்வர் அணைந்திருந்தாலும், கேபிள் கழன்றிருந்தாலும், பெயரைத் தவறாகத் தட்டியிருந்தாலும் இதே பிழை வரலாம். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சாம்பா அப்படி ஊமையாக இருப்பதில்லை. மறுத்த கணினியின் ஐபி முகவரியை லாக் என்ற பதிவுக் கோப்பில் எழுதிவைக்கிறது. அதற்காக லாக் லெவலை, அதாவது பதிவின் விரிவை, கூட்ட வேண்டியதும் இல்லை. அதைவிட நல்ல வசதி, சாம்பாவின் டெஸ்ட்பார்ம் என்ற கட்டளை. கான்ஃபிக் கோப்பின் பாதை, கணினியின் பெயர், ஐபி மூன்றையும் கொடுத்தால், எந்தப் பகிர்வுக்கு அனுமதி, எதற்கு மறுப்பு என்று வரிவரியாகச் சொல்லிவிடும். சம்பந்தப்பட்டவரின் மேசைக்கு நடக்கவே வேண்டாம். சிக்கலைப் பிடிப்பதில் என் ஓட்டு சாம்பாவுக்கே.

ஆனால் அதிலும் பொறிகள் உண்டு. அலவ் பட்டியல் மட்டும் இருந்தால், அதில் இல்லாத எல்லோருக்கும் கதவு மூடப்படும். கூடவே டினை பட்டியலும் எழுதினால் கணக்கு மாறிவிடும்: இரண்டிலும் இல்லாத கணினி உள்ளே வந்துவிடும். பாதுகாப்பைக் கூட்டுகிறோம் என்று நினைத்து இரண்டு கணினிகளை டினையில் சேர்ப்பவர், மற்ற எல்லோருக்கும் வழி திறந்துவிடுகிறார். இரண்டும் வேண்டுமென்றால் டினையில் ‘ஆல்’ என்று போடுங்கள். கான்ஃபிக் கோப்பின் பொதுப் பகுதியான குளோபலில் எழுதிய பட்டியல் எல்லாப் பகிர்வுகளுக்கும் பொருந்தும்; ஒரு பகிர்வில் தனியாக எழுதியது அதை மீறாது. ஏற்கெனவே பகிர்வைத் திறந்து வைத்திருப்பவரை, கான்ஃபிக்கை மாற்றி ரீலோட் செய்தாலும் சாம்பா வெளியேற்றாது. ‘மாற்றியும் பலனில்லை’ என்ற புகார்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6 இரண்டு வழிகளையும் ஏமாற்றும், நேரெதிர்த் திசைகளில். சர்வரைப் பெயரால் தேடும் விண்டோஸ், சில நேரம் எஃப்இ80 என்று தொடங்கும் ஐபிவி6 முகவரியிலிருந்து வந்து சேரும். அலவ் பட்டியலில் 192.168.1. மட்டும் இருந்தால், உள்ளே வர வேண்டியவருக்கே மறுப்பு. ஐபி எண்ணைத் தட்டினால் திறக்கும், பெயரைத் தட்டினால் திறக்காது. லினக்ஸ் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸின் விதியோ, பழைய வடிவமான ஐபிவி4-ஐ மட்டும் பார்ப்பது. ஐபிவி6-க்கான ஐபி6டேபிள்ஸில் தனியாக எழுதாவிட்டால், வரக்கூடாதவர் அந்த வழியாக வந்துவிடலாம்.

ஃபயர்வாலுக்கு உரிய இடத்தையும் மறுக்க முடியாது. ஹோஸ்ட்ஸ் அலவ் வேலை செய்யும்போது இணைப்பு சாம்பாவின் கைக்கு வந்துவிட்டிருக்கும். 2017-இல் வெளியான சிவிஇ-2017-7494 என்ற சாம்பாவின் பாதுகாப்பு ஓட்டை போன்றது இருக்கும் சர்வரில், அந்நியர் அதுவரைகூட வரக்கூடாது. ஆனால் ஃபயர்வாலுக்குப் போர்ட் தெரியும், பகிர்வின் பெயர் தெரியாது. கணக்குப் பிரிவுக்கு ஒரு ஃபோல்டர், மற்றவர்களுக்கு வேறு ஃபோல்டர் என்று பிரிக்க அதனால் ஆகாது. ஆகவே வெளி நெட்வொர்க்கை மொத்தமாக ஃபயர்வாலில் அடையுங்கள். ஆள்பார்த்து அனுமதிப்பதைப் பகிர்வுக்குள் எழுதுங்கள். ஒரே ஐபி பட்டியலை இரண்டு இடத்திலும் வைத்தால், புதுக் கணினி வரும்போது ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறப்பது நிச்சயம்.