கிணற்றைக் காட்டி நிலம் விற்கிறார்கள், கவனம்

சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்று நிலம் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் 60 சென்ட் வாங்கினேன். தரகர் கூட்டிப்போய்க் காட்டியது 2021 நவம்பர் கடைசியில், பாலாற்றில் வெள்ளம் போன சமயம். வரப்போரக் கிணற்றில் தண்ணீர் மேல்படி வரை நின்றது. குனிந்து கையால் அள்ளலாம். "கிணத்துல கால் பங்கு உங்களுது சார், கரண்டும் ஃப்ரீ" என்றார். என் மனைவி அங்கேயே கை கழுவிவிட்டு, வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பேசத் தொடங்கிவிட்டாள்.

பட்டா சரி. 30 வருட வில்லங்கச் சான்றும் சரி. பத்திரத்தில் "மாமூல் வழிநடை, வண்டிப்பாதை, நீர்ப்பாசன பாத்தியங்கள் உட்பட" என்று இருந்தது. கிணறும் அதில் அடக்கம் என்று நம்பினேன்.

குடிவந்து, ஏப்ரலில் மோட்டார் இறக்கப் போனபோது பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்தார். "குடிக்க எவ்ளோ வேணா மோந்துக்கோங்க சார். பாய்ச்சறதுக்கு உங்களுக்குப் பங்கு இல்ல." கோபமே இல்லாமல் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தையும் எடுத்துவந்து காட்டினார். எனக்கு விற்றவர் இவருடைய தம்பி. தன் கால் பங்கை 2012லேயே அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். பதிவான பத்திரம்தான். ஆனால் கிணறு இருப்பது அண்ணனுடைய நிலத்தின் சர்வே உட்பிரிவு எண்ணில். நான் வில்லங்கம் போட்டது என் எண்ணுக்கு மட்டும். பிறகு எப்படித் தெரியும்?

கிணறு எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று விஏஓவிடம் கேட்டு, அந்த எண்ணுக்கும் வில்லங்கம் போடுங்கள். எத்தனை பாகம், எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர், மின் இணைப்பு யார் பெயரில் என்பதெல்லாம் பத்திரத்தில் எழுத்தாக வர வேண்டும். "மாமூல்" என்ற வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். சித்திரை வெயிலிலும் ஒரு தடவை போய் அந்தக் கிணற்றை எட்டிப் பாருங்கள்.

அப்புறம் போர் போட்டோம். 650 அடி. ராத்திரி முழுக்கக் கல்தூள் பறந்தது. விடிந்தபோது நட்டுவைத்த மாங்கன்றுகளின் இலையெல்லாம் மாவு பூசினாற்போல் இருந்தது. ஈரம்கூட வரவில்லை. தரகர் போனை எடுப்பதில்லை.

போன வாரம் அதே தரகர் பக்கத்து 80 சென்ட்டுக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து, அதே கிணற்று மேட்டில் நின்று கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் காரில் ஏற்றிவிட்டார். வெள்ளைக் கார், இரண்டு சின்னப் பிள்ளைகள். அது நீங்களாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பெரியவரின் பத்திரத்தை வாங்கிக் காட்டுகிறேன்.