லாட் எண்ணா, பெல்லட் டப்பாவா: .22 ரிம்ஃபயரும் 10 மீட்டர் ஏர் ரைபிளும்

கிளப்பில் அடிப்படைப் பயிற்சி முடித்து, வாடகைத் துப்பாக்கி போதும், சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்ற கட்டத்துக்கு வந்தவர்கள் முன்னால் இரண்டு வழி உண்டு. ஒன்று 10 மீட்டர் ஏர் ரைபிள், மற்றது 50 மீட்டருக்கான .22 ரிம்ஃபயர். நான் எடுத்தது ஏர் ரைபிள். இரண்டையும் சுட்டுப் பார்த்த பிறகும் சிங்கப்பூரில் இருப்பவர் முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பேன். காரணம் தோட்டா.

என்.எஸ்.இல் (கட்டாய ராணுவச் சேவையில்) எஸ்ஏஆர் 21 ரைபிள் சுட்டவர்கள், "அதுவும் 5.56, இதுவும் .22, ரெண்டும் ஒரே அளவுதானே" என்பார்கள். குண்டின் விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். மற்றபடி இரண்டும் வேறு சாதி. எஸ்ஏஆர் 21 தோட்டாவில், மருந்தைப் பற்றவைக்கும் தீமூட்டி அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். 1887 முதல் புழக்கத்தில் இருக்கும் .22 லாங் ரைபிள் என்ற தோட்டாவில் அது பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும், ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால்தான். துப்பாக்கியின் ஊசி விளிம்பில் எங்கே அடித்தாலும் பற்றிக்கொள்ளும். 2.6 கிராம் ஈயக் குண்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டரில், ஒலியின் வேகத்துக்குக் கீழேயே கிளம்பும். ஆற்றல் 140 ஜூலுக்குள். ஏர் ரைபிளின் 4.5 மி.மீ. ஈயச் சிறுகுண்டான பெல்லட்டோ அரை கிராம், ஏறத்தாழ 170 மீட்டர் வேகம், 7.5 ஜூல். .22இன் அதிர்வைத் தோள் உணரும். ஏர் ரைபிளில் பெல்லட் வெளியேறியதே சில நேரம் தெரியாது.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் தேட வேண்டாம். காற்றில் சுடுவது என்பதற்காக இங்கே விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. இரண்டுக்கும் அனுமதி வேண்டும், இரண்டும் ஆர்மரி எனும் ஆயுதக் கிடங்கில்தான் தூங்கும். ஆனால் .22 சுடுபவருக்குக் கூடுதலாக ஒரு தலைவலி: எண்ணிக்கை. ஆயுதக் குற்றச் சட்டத்தில் துப்பாக்கியோடு தோட்டாவும் சேர்த்தி. அனுமதியின்றி வைத்திருந்தால் குறைந்தபட்சமே 5 ஆண்டு சிறையும் 6 பிரம்படியும். எடுத்தது எத்தனை, சுட்டது எத்தனை, திருப்பியது எத்தனை என்று கணக்கு முடித்து, பையின் ஓரங்களையும் ஜாக்கெட் பாக்கெட்டையும் உதறிவிட்டுத்தான் ரேஞ்சை விட்டு வர வேண்டும்.

பறவை, முயல் தொல்லைக்கு .22 என்ற பேச்சு ஆஸ்திரேலியப் பண்ணைக்குப் பொருந்தும். இங்கே பொருந்தாது. காகங்களைச் சுட்டுக் குறைத்த காலத்திலும் கிளப் உறுப்பினர்கள் கையில் இருந்தது ஷாட்கன். .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது, தரையிலோ கல்லிலோ பட்டால் தெறிக்கவும் செய்யும். அடுக்குமாடி ஊரில் அதற்கு இடமில்லை.

சரி, தோட்டாவுக்கு வருவோம்.

.22இல் ரைபிள் பாதி, லாட் பாதி. லாட் என்றால் ஆலையில் ஒரே தடவையில் தயாரான தோட்டாத் தொகுதி. இந்தத் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்ப முடியாது, ஆலை கொடுத்ததுதான். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே நிறப் பெட்டி. ஆனால் லாட் எண் மாறினால் உங்கள் குழலில் அது வேறு தோட்டா. குண்டின் மேல் பூசிய மெழுகு, குண்டின் அளவு, விளிம்பின் தடிமன், தீமூட்டியின் அளவு எல்லாம் மயிரிழை மாறும். ஒரு லாட் பக்கத்து லேன்காரரின் ஆன்ஷூட்ஸ் ரைபிளில் ஒரே ஓட்டையாக விழும். உங்கள் ஆன்ஷூட்ஸில் சிதறும். ஈலி நிறுவனத்தின் தோட்டாப் பெட்டி ஓரத்தில் லாட் எண்ணோடு வேகமும் அச்சாகியிருக்கும். அதே வேகம் கொண்ட இன்னொரு லாட்டை வாங்கினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்கே சொல்லும். 50 மீட்டர் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., குண்டு 5.6 மி.மீ. குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து. அப்படியானால் குண்டுகளின் மையம் 16 மி.மீ. வட்டத்துக்குள் விழ வேண்டும். குழலைக் கவ்வியில் இறுக்கிச் சுடும்போது நல்ல லாட் பத்துக் குண்டுகளைச் சுமார் 10 மி.மீ.க்குள் வைக்கும். பொருந்தாத லாட் 20 மி.மீ. எடுத்துக்கொள்ளும். அதாவது கை அசையவே இல்லை, மூச்சு சரி, ட்ரிகர் சரி, ஆனாலும் ஒன்பது. எங்கே தப்பு என்று மூன்று மாதம் முழங்கால் நிலையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். தோட்டாக்கள் செங்குத்தாக ஒரு கோடு போல விழுந்தால் வேகத்தைச் சந்தேகப்படுங்கள்: நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் 50 மீட்டரில் சுமார் 7 மி.மீ. ஏற்ற இறக்கமாகத் தெரியும்.

ஏர் ரைபிளில் அதே கணக்கு: பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி, பெல்லட் 4.5 மி.மீ. ஆக, மையம் 5 மி.மீ. வட்டத்துக்குள் இருந்தால் பத்து. நல்ல பெல்லட் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் விழும். பத்தை இழப்பது நீங்கள்தான், டப்பா அல்ல. தகுதிச் சுற்றில் தசமப் புள்ளி கணக்கிடுவதால் மையத்திலிருந்து விலகும் ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் 0.1 புள்ளி போகும். அந்த அளவில் பெல்லட்டும் பேசும். 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று பெல்லட் தலையின் விட்டம் மாற்றி ஒவ்வொரு டப்பா வாங்கி ஒரு மாலையில் சோதித்துவிடலாம். 500 பெல்லட் கொண்ட டப்பா சட்டைப் பை அளவுதான்.

.22 லாட்டைச் சோதிப்பது அப்படியல்ல. குழலைத் துடைத்து, புது மெழுகு படிய 20 தோட்டா சுட்டு, அதன் பிறகு லாட்டுக்கு இரண்டு மூன்று பத்துக் குண்டுக் கூட்டம். ஐந்து குண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது சீட்டுக் குலுக்கல். பிடித்த லாட் கிடைத்ததும் ஓர் ஆண்டுக்கானதை ஒரே மூச்சில் வாங்க வேண்டும். ஒரு பயிற்சிக்கு 80, வாரத்துக்கு இரண்டு பயிற்சி என்றால் ஆண்டுக்கு 8,000 சொச்சம், 500 அடங்கிய கட்டு பதினேழு. ஐரோப்பாவில் இருப்பவர் ரைபிளோடு பர்மிங்ஹாமில் ஈலியின் சோதனைக் கூடத்துக்கோ ஜெர்மனியின் ஷோனெபெக்கில் இன்னொரு தோட்டா நிறுவனமான லாபுவாவினதுக்கோ போய், பத்து லாட் சுட்டுப் பார்த்து, ஒன்றைக் காரில் ஏற்றி வருவார். இங்கே தோட்டா கிளப் வழியாக வரும். கப்பலில் வந்த லாட்தான் உங்கள் லாட். அது தீர்ந்ததும் ஆரம்பத்திலிருந்து. வெளிநாட்டுப் போட்டி என்றால் விமானத்தில் ஆளுக்கு 5 கிலோ தோட்டாதான். பயிற்சிக்கும் போட்டிக்கும் அதற்குள் அடங்க வேண்டும்.

ஏர் ரைபிளிலும் வம்பு இல்லாமல் இல்லை, அது காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரில் ஒளிந்திருக்கிறது. 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் முந்நூறு குண்டுக்குக் குறையாமல் வரும். நம் ஊர் ஈரக்காற்றைக் கைப்பம்பால் அடித்தால் உள்ளே தண்ணீர் அடிப்பதற்குச் சமம். முக்குளிப்பு டாங்கின் உலர்ந்த காற்றையே பயன்படுத்துங்கள். முழுக்கக் காலியாக வைக்காதீர்கள், கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் வால்வு சீல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் துளி. சாதாரண எண்ணெய் உயர் அழுத்தக் காற்றில் தீப்பிடிக்கும். முதல் குண்டு மட்டும் எப்போதும் உயரே விழுந்தால் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கசிகிறது. சீல் மாற்றும் நேரம். சிலிண்டரில் பொறித்த தேதியிலிருந்து 10 ஆண்டு. அதற்கு மேல் போட்டியில் அனுமதி இல்லை. எலெக்ட்ரானிக் ட்ரிகர் இந்த ஊர் ஈரத்தில் அவ்வளவு காலம் தாங்குமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மெக்கானிக்கல் போதும் என்பது என் கட்சி.

குளிரூட்டிய ரேஞ்சிலிருந்து வெளியே எடுத்ததும் இரும்பில் வியர்க்கும். இது இரண்டுக்கும் பொது. பெட்டியை மூடியபடியே அரை மணி விட்டுத் திறந்து துடையுங்கள். .22இல் கூடுதல் வேலை, தோட்டா அறைக்குச் சற்று முன்னால் படியும் கரி வளையம். கவனிக்காமல் விட்டால் நல்ல லாட்டும் திடீர் திடீரென்று ஒரு குண்டை வெளியே எறியும். துடைக்கும் கம்பியை எப்போதும் பின்பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்துத்தான் விட வேண்டும். வாய்ப்பக்கமிருந்து விட்டால் குழலின் முனை தேயும், முனை தேய்ந்தால் ரைபிள் போனது. தோட்டா வெடிக்காவிட்டால் குழல் வாயை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி காத்திருங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏர் ரைபிள் நின்ற நிலை மட்டும். படுத்து, முழங்காலிட்டு, நின்று என்று மூன்று நிலையிலும் உடலை அடுக்கும் வித்தை .22இல்தான். வெளியே வீசும் காற்றைக் கணிப்பதும் அப்படியே. ஜாஸ்மின் செர் 2014இல் கிளாஸ்கோவில் தங்கம் வென்றது 50 மீட்டர் மூன்று நிலையில். மார்ட்டினா வெலோசோ 2018 கோல்ட் கோஸ்ட்டில் ஏர் ரைபிளிலும் 50 மீட்டர் படுத்த நிலையிலும் தங்கம் வாங்கினார். ஒன்றில் பழகிய ட்ரிகர் மற்றதுக்கும் கைகொடுக்கும். ஆனால் வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு யீஷூன் சாஃப்ரா மன்றத்தில் ஏர் ரைபிள் சுடுவது வேறு, பழைய சுவா சூ காங் சாலைக்கு 172 பேருந்தில் போய் 50 மீட்டர் லேனுக்குக் காத்திருப்பது வேறு.

பழையது வாங்கினால்: ஏர் ரைபிளில் முதலில் சிலிண்டர் தேதி, இரண்டு ஆண்டுதான் மிச்சம் என்றால் புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக் கேளுங்கள். .22இல் போல்ட்டைக் கழற்றிக் குழலின் முனையைப் பாருங்கள். அதோடு விற்பவர் எந்த லாட் சுட்டார், கிளப் இருப்பில் அவர் பெயரில் மிச்சம் எவ்வளவு என்றும் கேளுங்கள். இருந்தால் ரைபிளோடு அந்த லாட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற வழி உண்டா என்று ஆர்மரியில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.