பாளையங்கோட்டையில் எங்கள் தெரு அங்கன்வாடி

தனியார் மழலையர் பள்ளி ஒன்றில் பணம் கட்டி, நான்காம் நாளே மகளைத் திரும்ப அழைத்து வந்தவள் நான். வாசலில் பிள்ளையைப் பிடுங்கிக் கதவைச் சாத்துவது அவர்கள் வழக்கம். இங்கே டீச்சர், "ஒரு வாரம் நீங்களும் உட்காருங்கள் அம்மா" என்றார். முதல் நாள் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம். என் பழைய சேலைத் துண்டைக் கொடுத்துவிடச் சொன்னதும் அவர்தான். அதை மூக்கில் வைத்து முகர்ந்தபடியே சாம்பார் சாதம் தின்றாள். வாரம் மூன்று முட்டை உண்டு. மஞ்சள் கருவை மட்டும் எனக்கென்று கைக்குள் பொத்திக் கொண்டுவருவாள், பிசுபிசுவென்று. கட்டணம் கிடையாது.

குறையும் உண்டு. இருப்பது ஒரே மின்விசிறி, சித்திரை வெயிலுக்குப் போதாது. பதினோராம் நாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். தெருமுனையில் நின்று அழுதது நான்தான்.