சுவர் ஜொலித்தது, சிவப்பு மட்டும் கறுத்தது

தம்பியின் கல்யாண வரவேற்புக்கு விளக்கும் அலங்காரமும் செய்த குழு எப்படி என்று, வந்திருந்தவர்களில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். தனியே கேட்டால் பெயரைச் சொல்வேன். இங்கே குறைகளும் வரப்போவதால் வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அந்த மூன்றரையில் இரண்டு, விளக்குகளை இயக்கும் லைட் போர்டுக்குப் பின்னால் ராத்திரி முழுக்க நின்றிருந்த ஒரு பையனுக்கு மட்டும்.

முதலில் ஹால். பகலில் போய்ப் பார்த்தபோது எனக்கும் அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கியது. பழுப்புக் கார்ப்பெட், அதன்மேல் கடுகு மஞ்சளில் தட்டுத் தட்டாக வட்டங்கள். நட்டநடுவே இரண்டு சதுரத் தூண்கள். தலைக்கு மேலே கட்டம் கட்டமாக ஃபால்ஸ் சீலிங், ஒவ்வொரு மூன்றாவது கட்டத்திலும் பளீரென்று வெள்ளை விளக்கு. “இது கல்யாணத்துக்கா, கம்பெனி மீட்டிங்குக்கா?” என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பூ. எங்கெல்லாம் கண்ணை உறுத்துகிறதோ அங்கெல்லாம் பூவை வைத்து மறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பார்வையிட வந்த அலங்காரக் குழுவின் பொறுப்பாளர் பெண்மணி பூவைப் பற்றிப் பேசவே இல்லை. “முதல்ல மேல இருக்கிற லைட் எல்லாத்தையும் அணைச்சுடலாமா மேடம்?” என்றார். அணைத்தார்கள். காரிலிருந்து நான்கு சின்ன விளக்குகளைக் கொண்டுவந்து, ஒரு தூணைச் சுற்றித் தரையில் வைத்து மேல்நோக்கிப் போட்டார். அவ்வளவுதான், கார்ப்பெட் காணாமல் போய்விட்டது. மேலிருந்து கொட்டும் வெளிச்சம்தான் அந்த வட்டங்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அது போனதும் கண் தானாகச் சுவருக்கும் தூணுக்கும் போயிற்று. மறைக்க வேண்டும் என்று நான் நினைத்த தூண்தான் அந்த அறையிலேயே அழகான பொருளாக நின்றது. அங்கேயே பூவுக்கு ஒதுக்கியதில் பாதியை விளக்குப் பக்கம் தள்ளினோம்.

கடைசியில் போட்டது இப்படி: சுவரோரமாக 24 அப்லைட், அதாவது தரையிலிருந்து சுவர்மேல் அடிக்கும் எல்இடி விளக்கு. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தால் வெளிச்சம் சுவரை உரசியபடி கூரைவரை ஏறுகிறது. இன்னும் தள்ளிப்போனால் நடுச்சுவரில் ஒரு வட்டப் பொட்டு விழும், அவ்வளவே. கூரைக்கு நடுவிலிருந்து நான்கு பக்கமும் மெல்லிய வெள்ளைத் துணி, அதற்குள்ளே சீரியல் லைட். வெள்ளைத் துணி தன் மேல் விழும் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும், அதனால் ஒரே துணி ராத்திரியில் மூன்று நிறம் காட்டியது. துணி சுலபத்தில் தீப்பிடிக்காத வகை என்பதற்கான சான்றைக் கேட்காமலேயே எடுத்துக் காட்டினார்கள். கூரையில் இருந்த தண்ணீர்த் தெளிப்பான்களையும் வெளியேறும் வழிப் பலகையையும் மூடாமல் துணியை வளைத்துக் கட்டியிருந்தார்கள். இதெல்லாம் படத்தில் தெரியாது. எனக்கு நம்பிக்கை வந்தது இங்கேதான்.

அந்த நம்பிக்கையோடு முந்தின நாள் ஒத்திகைக்குப் போனேன். அங்கேதான் தகராறு.

நான் துணிச் சாய ஆய்வகத்தில் நிறம் பொருத்துகிறவள். வாடிக்கையாளர் அனுப்பிய துண்டும் நாங்கள் சாயம் ஏற்றிய துண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதுதான் இருபது வருட வேலை. பெட்டியில் பல விளக்குகள் உண்டு. பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை விளக்குக்கு டிஎல்84, பழைய குண்டு பல்புக்கு ஏ. பகலில் அச்சு அசலாகப் பொருந்திய இரண்டு துணிகள் கடை விளக்கில் சில சமயம் அக்கா தங்கையாகக்கூட இருக்காது. ஆக, விளக்கை மாற்றினால் துணி மாறும் என்பது எனக்குப் பாடம் இல்லை, பிழைப்பு.

ஹாலில் நுழைந்தால் முழுக்க நீலமும் ஊதாவும். சுவர், துணி, தூண் எல்லாம் ஜொலித்தன. தம்பி செல்ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கவே ஆரம்பித்துவிட்டான். நான் பையிலிருந்து கல்யாணப் பெண்ணின் உடையில் மிச்சமான ஒரு சாண் துணியை எடுத்து விளக்கடியில் பிடித்தேன். அரக்குச் சிவப்பு. அங்கே அது கறுப்பு. கருஞ்சிவப்புகூட இல்லை, கறுப்பேதான். சிவப்புத் துணி சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் மேலே விழும் வெளிச்சத்தில் சிவப்பு இருக்க வேண்டும், நீல விளக்கில் அது எங்கிருந்து வரும்? பிறகு அம்மாவை அந்த இடத்தில் நிறுத்தினேன். காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தவர் மாதிரி இருந்தார்.

“எல்லாருக்கும் இந்தக் கலர்தான் பிடிக்குது மேடம்” என்றார் பொறுப்பாளர். சரி, சுவருக்குப் பிடிக்கிறது. முகத்துக்கு?

வெள்ளைக்கு மாற்றச் சொன்னேன். வந்த வெள்ளையும் சரியில்லை, தோல் சாம்பல் பூத்துப் போயிற்று. விளக்கைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்தது. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே மூன்று வகை எல்இடி சில்லுகள். மூன்றையும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை மாதிரி தெரியும். ஆனால் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சளும் ஆரஞ்சும் இருக்க வேண்டிய இடம் ஏறக்குறையக் காலி. மனிதத் தோலுக்கு உயிர் கொடுப்பது அந்தப் பகுதிதான். இதைச் சொன்னதும் போர்டுக்குப் பின்னால் நின்ற பையன் முதல் முறையாக வாயைத் திறந்தான். “அக்கா, ஆம்பர் சில்லு இருக்கிற லைட்டு குடோன்ல இருக்கு. கேட்டாத்தான் குடுப்பாங்க.” ஆம்பர் என்றால் அந்தக் காலி இடத்து மஞ்சள்-ஆரஞ்சு நிறம். கேட்டால்தான் கொடுப்பார்கள் என்ற அந்த ஒரு வரிக்காகவே அரை நட்சத்திரம் குறைத்தேன்.

மறுநாள் 24-இல் பதினாறு ஆம்பர் விளக்குகளாக மாறி வந்தன. மக்கள் உட்காரும் பக்கமெல்லாம் அந்தி வெயில் நிறம். மீதி எட்டு நீல விளக்கும், யாரும் போய் நிற்காத பின்சுவருக்கு. அந்த நீலம் பின்னால் இருந்ததால்தான் முன்னால் இருந்த மஞ்சள் இன்னும் இதமாகத் தெரிந்தது என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். தம்பிக்கும் முகம் தொங்கவில்லை.

மேஜைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, குறையில்லாமல் செய்தார்கள். பூ ஜாடிகள் ஒன்று கண்மட்டத்துக்குக் கீழே, இல்லாவிட்டால் மெல்லிய தண்டில் தலைக்கு மேலே. எதிரில் இருப்பவரை எட்டி எட்டிப் பார்க்கும் தொல்லை இல்லை. கூரையிலிருந்து ஒவ்வொரு ஜாடிக்கும் பின்ஸ்பாட் என்று ஒரு குறுகிய கற்றை. இருட்டில் பூ மட்டும் தானாக எரிவது போல இருந்தது. பாதியாகக் குறைத்த பூ இரண்டு மடங்காகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். ஒரே நிபந்தனை, அதற்குப் பிறகு மேஜையை யாரும் நகர்த்தக் கூடாது. பெரியப்பா நகர்த்தினார். ராத்திரி முழுக்க அந்தக் கற்றை தண்ணீர் ஜாடியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

மேடையில் இன்னொரு பிழை. பின்னணித் துணிக்கு அத்தனை விளக்கு, நிற்பவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. பின்னால் இருப்பது முன்னால் நிற்பவரைவிடப் பளிச்சென்று இருந்தால் ஆள் நிழலாகத்தான் தெரிவார். ஒத்திகையில் புகைப்படக்காரரும் நானும் சேர்ந்து சண்டை போட்டு, இரண்டு பக்கமும் உயரமான ஸ்டாண்டில் பக்கத்துக்கு ஒரு மஞ்சள் சாய்ந்த வெள்ளை விளக்கு வைக்க வைத்தோம். நேருக்கு நேர் அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததால் மூக்கு, தாடை எல்லாம் எடுப்பாக வந்தன. அவர் வீடியோவை ஓட்டிப் பார்த்தபோது திரையில் குறுக்கே பட்டை பட்டையாக ஓடியது. வெளிச்சத்தைக் குறைக்கும்போது இந்த மாதிரி எல்இடி உண்மையில் மங்குவதில்லை, வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. கண் ஏமாறும், கேமரா ஏமாறாது. பையன் ஒவ்வொரு விளக்கின் மெனுவுக்குள்ளும் போய் அந்த வேகத்தைக் கூட்டினான். பட்டைகள் போயின. 24 விளக்குக்கும் குனிந்து குனிந்து செய்தான். முதுகு என்ன ஆயிற்றோ.

தரையில் இருவர் பெயரின் முதலெழுத்தையும் வெளிச்சத்தால் விழவைப்பதற்கு கோபோ என்று ஒரு தகடு உண்டு. சாய்வாக அடித்ததில் எழுத்து ஒரு பக்கம் வீங்கிக் கிடந்தது. சரிசெய்யச் சொல்லியும் சரியாகவில்லை. புகை இயந்திரமும் வைக்கலாம் என்றார்கள். மண்டபத்தின் தீ எச்சரிக்கை மணி புகைக்கும் அடிக்கும் என்பதால் வேண்டாம் என்று விட்டேன். அப்புறம், ஒரு விளக்கு மட்டும் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் திடீரென்று பச்சையானது. குழந்தைகள் பட்டனை அமுக்கி அதன் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் போர்டு ஒவ்வொரு விளக்கோடும் பேசும். பையன் ஓடிப்போய் மாற்றி, மேலே டேப் ஒட்டிவிட்டு வந்தான்.

அவன் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, யாருமே கவனிக்காத ஒன்று. வந்தவர்கள் வணக்கம் சொல்லும் நேரத்தில் ஹால் நல்ல வெளிச்சமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு படி இறங்கியது. பாட்டு தொடங்கும்போது இன்னும் இறங்கியது. எந்த இடத்தில் மாற்றினான் என்று தேடிக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டானாம்.

கடைசிக் குறை, இதில் என் தவறும் உண்டு. ஒப்பந்தத்தில் விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று எழுதினோம், எப்போது அணைய வேண்டும் என்று எழுதவில்லை. கிளம்பத் தயாராக நாற்பது பேர் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஏற்றிச் செல்லும் வண்டி வந்துவிட்டது என்று அப்லைட்டுகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். யாரோ மேல் விளக்கை எல்லாம் ஒரே நேரத்தில் போட்டார்கள். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே பார்த்தார்கள். “ஐயோ, இங்க கார்ப்பெட் வேற இருந்துதா?” என்றார் அத்தை.