ஒரே புழு, இரண்டு கோர்ப்பு: டெக்சாஸ் ரிக்கும் வாக்கி ரிக்கும்

அமெரிக்க ஏரிகளில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாய் மீனைப் பிடிக்கக் கிளம்புகிறவர் கடையில் முதலில் எடுப்பது பெரும்பாலும் ஐந்து அங்குல பிளாஸ்டிக் புழு ஒரு பாக்கெட். அந்தப் புழுவைத் தூண்டில் முள்ளில் எப்படிக் கோர்ப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் கட்சி பிரிகிறது. தலை வழியாகக் குத்தி, முள்முனையை உடம்புக்குள்ளேயே புதைத்து, முன்னால் தோட்டா வடிவக் எடைக்குண்டு ஒன்றைத் தூண்டில் நரம்பில் ஓடவிட்டால் அது டெக்சாஸ் ரிக். புழுவின் நடுவில் குறுக்காக ஒரே குத்து, முனை வெளியே, குண்டே கிடையாது என்றால் வாக்கி ரிக்.

இதில் எது அதிக மீன் தரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: மீன் எதற்குள் ஒளிந்திருக்கிறது, பிடித்த மீனை எந்த நிலையில் தண்ணீரில் விடப்போகிறோம். இரண்டாவதை நம் ஆட்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

முதலில் வாக்கி. கேரி யமமோட்டோ 1990களில் கொண்டுவந்த சென்கோ புழுவோடு இந்த முறை பெரிய அளவில் பரவியது. அந்தப் புழுவில் உப்பு நிறையக் கலந்திருப்பதால் அதுவே கனமாக இருக்கும். குண்டு இல்லாமலே எறியலாம். நடுவில் முள் இருப்பதால் படுத்த நிலையில், இரண்டு முனையும் நடுங்க நடுங்க இறங்கும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், நரம்பைத் தளர்வாக விட்டால் போதும். வசந்த காலத்தில் பாஸ் முட்டையிடக் கரையோரம் வரும்போது, படகுத்துறைகளின் நிழலில், தெளிந்த தண்ணீரில், இதை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. மீடியம் ஸ்பின்னிங் ராடு, 2500 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), முன்னால் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பு), 1/0 அளவு முள். புதிதாகத் தூண்டில் பிடிப்பவரும் அன்றைக்கே எறியக் கற்றுக்கொள்வார். முள் ஏறுவதற்காகத் தூண்டிலைச் சட்டென்று வெட்டி இழுக்கவும் தேவையில்லை. முனை வெளியே இருப்பதால் நரம்பைச் சுற்றி இறுக்கி, ராடைச் சாய்த்தாலே ஏறிவிடும்.

குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. திறந்த முனை பாசியில் போனால் பாசிதான் வரும். காற்று அடித்தால் நரம்பு வில்லாக வளைந்து, கடி தெரியவே தெரியாது. கோடையில் மீன் இருபது அடிக்குக் கீழே போய்விட்டால், குண்டில்லாத புழு அங்கே போய்ச் சேருவதற்குள் பொறுமை போய்விடும். புழுவும் சீக்கிரம் நடுவில் கிழியும். ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, அதற்கடியில் முள்ளைக் கோர்த்தால் ஒரே புழு இன்னும் பல மீனுக்குத் தாங்கும்.

இப்போது டெக்சாஸ். பிளாஸ்டிக் புழுவின் கதை 1949ல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரிடம் தொடங்குகிறது. பிறகு அவருடைய தொழில் டெக்சாஸின் டைலர் நகருக்கு இடம் மாறியது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் லேக் ஃபோர்க் ஏரி இருக்கிறது. 1980ல் அணை கட்டி முடித்தபோது பெரும்பகுதி மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டதால், இன்றும் ஏரி முழுக்கப் பட்ட மரங்கள் நிற்கின்றன. பாஸ் பதுங்கியிருந்து தாக்குகிற மீன்; கிளைகளுக்கு நடுவில், பாசிப் படுகையின் ஓட்டையில் காத்திருக்கும். திறந்த முள்ளை அங்கே எறிந்தால் போகும் வழியிலேயே மாட்டிக்கொள்ளும். முனை புதைந்த டெக்சாஸ் ரிக் கிளை மேல் ஏறி, மறுபக்கம் சொட்டென்று விழும். பல கடிகள் அந்த விழுகிற நொடியில்தான். டெக்சாஸ் மாநிலத்தின் லார்ஜ்மவுத் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் கிடைத்ததும் இதே லேக் ஃபோர்க்கில்தான்.

இதற்குக் கொஞ்சம் முரட்டுச் சாமான் வேண்டும். ஏழடி மீடியம் ஹெவி ராடு, பெய்ட்காஸ்டர் ரீல் (எறியும்போது சுழலும் ஸ்பூலைக் கட்டைவிரலால் அடக்க வேண்டிய வகை), 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன், 3/0 அல்லது 4/0 ஆஃப்செட் முள் (கழுத்தில் மடிப்புள்ளது), கால் அவுன்ஸ் குண்டு. முனை பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு மீன் வாய்க்குப் போக வேண்டியிருப்பதால், தளர்வை எடுத்துவிட்டு ஓங்கி வெட்ட வேண்டும். பெய்ட்காஸ்டரில் கட்டைவிரல் பழகும்வரை நரம்பு ஸ்பூலில் பறவைக்கூடாகச் சிக்கும். அதற்குப் பயந்து விட்டுவிட வேண்டாம், வீட்டு முற்றத்தில் எறிந்து பழகினாலே கை வந்துவிடும். குண்டில் மட்டும் காசு பார்க்காமல் டங்ஸ்டன் வாங்குங்கள். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3. அதனால் அதே எடை சிறிய உருவில் கிடைக்கும், பாசிக்குள் நழுவும். கெட்டியான உலோகம் என்பதால் அடியில் கல்லா சேறா என்று கையிலேயே தெரியும். லூன் பறவைகள் ஈயக்குண்டை விழுங்கிச் சாகின்றன என்பதால், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் ஒரு அவுன்ஸ் வரையிலான ஈயக்குண்டுகளுக்குத் தடையே இருக்கிறது.

சரி, திருப்பி விடும் விஷயத்துக்கு வருகிறேன். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, ஏரியிலேயே விட வேண்டும். அதாவது நாம் ஆசைப்படும் அளவு மீன்களில் பெரும்பாலானவை தண்ணீருக்கே திரும்புகின்றன. அந்த மீன் பிழைக்குமா என்பதை நிறைய இடங்களில் முள் எங்கே ஏறியது என்பதே தீர்மானிக்கிறது. டெக்சாஸ் ரிக்கில் கை எப்போதும் குண்டோடு தொடர்பில் இருப்பதால் கடித்தவுடன் வெட்டுகிறோம்; முள் பெரும்பாலும் வாயிலேயே, மேல் தாடையில் நிற்கும். வாக்கியில் நரம்பு தளர்ந்திருக்கிறது, மீன் நிதானமாக உள்ளே இழுக்கிறது, நமக்குத் தெரிவதற்குள் தொண்டைக்குப் போய்விடுகிறது. தொண்டையில் ஏறிய முள்ளைப் பிடித்து இழுத்தால் செவுளும் குடலும் கிழியும். எளிதாக எட்டவில்லையென்றால் நரம்பை முள்ளருகே வெட்டிவிட்டு மீனை விடுவதே மேல்.

ஆகவே வாக்கி போடுகிறவர் கண்ணை நரம்பிலேயே வைத்திருக்க வேண்டும். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால், சட்டென்று நின்றால், துள்ளினால், உடனே இறுக்குங்கள். போனைப் பார்த்துக்கொண்டு போடுகிற தூண்டில் அல்ல இது. குழந்தைகளிடம் வாக்கி கொடுக்கும்போது முள்முனைக்குப் பின்னால் துருத்தி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிக் கொடுப்பது நல்ல பழக்கம்.

குண்டை நரம்பின் நுனியிலும் முள்ளை அதற்கு மேலேயும் கட்டுகிற டிராப் ஷாட்டை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். ஆழத்தில், அதுவும் படகிலிருந்து, அது அருமையானது. கரையில் நின்று எறிகிறவருக்கு இந்த இரண்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று என்றால் நான் டெக்சாஸ் பக்கம். வருடம் முழுக்க, எந்த ஆழத்திலும், எந்தப் புதரிலும் அதை எறியலாம். ஊருக்குப் போகும்போதும் உதவும்: தாமரை, ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் விராலுக்கு முனை மறைந்த முள்தான் சரி. விரால் பல்லுக்கு மட்டும் புழு பாக்கெட்டைக் கூடுதலாக எடுத்துப் போங்கள்.

ஒரு ராடு வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால், ஏழடி மீடியம் ஹெவி ஸ்பின்னிங் ராடு ஒன்று, 3000 அளவு ரீல், 20 பவுண்டு பிரெய்டு, அதன் முன்னால் 12 பவுண்டு ஃப்ளோரோகார்பன். பெட்டியில் இரண்டு வகை முள்ளும் கிடக்கட்டும். காலையில் காற்றில்லாத நேரம் படகுத்துறையோரம் வாக்கி, வெயில் ஏறிக் காற்று எழுந்ததும் முள்ளை மாற்றிக் குண்டு போட்டு மரங்களுக்குள் டெக்சாஸ். கிழிந்த புழுக்களை ஏரியில் வீசாமல் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். மீன் அதை விழுங்கினால் அதற்குச் செரிக்காது.