ஒரே இணைப்பில் போனும் நெட்டும்: டர்பன் வீட்டில் இருபது வருட அனுபவம்

2004ல் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். சாட்ஸ்வொர்த்தில்தான் குடித்தனம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு லேண்ட்லைன் எண் மாறவில்லை. 031 என்று தொடங்கும் அந்த எண் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மனப்பாடம். செல்போனில் பெயரைத் தேடிக் கூப்பிடுவது அவளுக்கு இன்றும் வராது, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தித்தான் பழக்கம். அதனால் இந்த வீட்டில் இணைய இணைப்பு மாறும்போதெல்லாம் நான் கேட்கிற முதல் கேள்வி, போன் என்ன ஆகும் என்பதுதான்.

வந்த புதிதில் டயல்-அப். மோடம் போன் போட்டால்தான் நெட் வரும், அது ஓடி முடியும்வரை வேறு யாரும் எங்களைக் கூப்பிட முடியாது. இரவு 7 மணிக்கு மேல் கட்டணம் குறைவு என்பதால் என் கணவர் அப்போதுதான் மெயில் பார்க்க உட்காருவார். இங்கே 7 என்றால் நம் ஊரில் 10.30. 2005ல் ஒரு ராத்திரி அப்பாவை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தம்பி எங்களைக் கூப்பிட்டிருக்கிறான். ஒன்றரை மணி நேரம் எங்கேஜ்டு. கால் வெயிட்டிங் வசதி இருந்தது. ஆனால் அதன் 'பீப்' சத்தம் நெட்டைத் துண்டித்துவிடும் என்று, மோடம் டயல் செய்யும்போதே அது அணைகிற மாதிரி நாங்களே வைத்திருந்தோம். அப்பா பிழைத்துக்கொண்டார். அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த மாதமே ஏடிஎஸ்எல் போட்டோம், போன் கம்பியிலேயே பேச்சைத் தடுக்காமல் ஓடும் நெட். இங்குள்ள தொலைபேசி நிறுவனமான டெல்காம் இதை 2002லேயே கொண்டு வந்திருந்தது, விலைக்குப் பயந்துதான் தள்ளிப் போட்டிருந்தோம். எங்களுக்குக் கிடைத்தது 512 கிலோபிட் வேகம், மாதத்துக்கு 3 ஜிபி அளவு. மனிதர் பேச்சுக்குத் தொலைபேசியில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும். ஏடிஎஸ்எல் சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஓடுகிறது. ஒரே செம்புக் கம்பியில் கீழே பேச்சு, மேலே நெட், ஒன்றோடொன்று உரசாது. இரண்டையும் பிரிக்க நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் மட்டும் வேண்டும்.

அந்த ஃபில்டர்தான் மூன்று வாரம் எங்களைப் படுத்தியது. போன் மணி அடித்தால் நெட் போய்விடும். ரவுட்டரை மாற்றினோம், வயரை மாற்றினோம், சரியாகவில்லை. கடைசியில் வந்த டெக்னீஷியன் கூரைக்கடியில் இருந்த திருட்டு அலாரப் பெட்டியைக் காட்டினார். அதுவும் போன் லைனில்தான் கோத்திருந்தது, அதற்கு ஃபில்டர் இல்லை. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து, நெட்டுக்குத் தனி வயர் இழுத்து, அலாரம், ஃபேக்ஸ், போன் எல்லாவற்றையும் மறுபக்கம் தள்ளினார். அதோடு தீர்ந்தது. இன்னும் செம்பு லைன் வைத்திருப்பவர்கள் முதலில் அலாரத்தைப் பாருங்கள்.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் அது நன்றாகவே உழைத்தது. பிள்ளைகள் வீடியோ பார்த்தாலும் அம்மாவின் குரல் ஒரு சொல்கூட உடையாது. 2009ல் டர்பனுக்கு வடக்கே எம்துன்சினி கரையில் சீகாம் கடலடிக் கேபிள் வந்தபின் டேட்டா விலையும் இறங்கியது. அதைவிடப் பெரிய பலம், போனுக்கு வேண்டிய மின்சாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வருவது. 2015ல் லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) சமயம் ஒரு இரவு பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மூச்சுத் திணறல். நெட் செத்துப் போயிருந்தது, செல்போனில் சிக்னல் இல்லை. எங்கள் பழைய வயர் போனில் 10177 அழுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். அந்தப் போனை இன்னும் நான் வைத்திருக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். திருடர்கள் செம்புக்காகக் கேபிளை வெட்டிப் போவார்கள், போனும் நெட்டும் ஒன்றாகப் போகும், ஒருமுறை பதினாறு நாள். கோடை இடியில் லைன் வழியாக மின்னல் பாய்ந்து இரண்டு ரவுட்டர் கருகின.

2018ல் ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழைக் கேபிளுக்கு மாறினோம். இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். வேறு நிறுவனத்துக்குப் போனாலும் வீட்டு எண்ணைக் கூடவே கொண்டுபோகும் உரிமை தென்னாப்பிரிக்காவில் 2010 முதல் இருக்கிறது. ஆனால் எண் நகர்ந்து முடிவதற்குள் பழைய லைனை ரத்து செய்துவிட்டேன். ரத்தான லைனில் நகர்த்த எண் இல்லை என்று இரு பக்கமும் கைவிரித்தார்கள். பதினொரு நாள் அலைந்து மீட்டோம். அம்மா அத்தனை நாளும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறாள். எண் புது இணைப்பில் மணி அடிப்பதைக் கேட்ட பிறகே பழையதை நிறுத்துங்கள்.

ஃபைபரில் போனுக்கென்று தனி வழி கிடையாது. பேச்சும் நெட்டைப் போலவே சின்னச் சின்னத் துண்டுகளாக, பாக்கெட்டாகப் போகிறது. ஒரு பேச்சுக்கு 90 கிலோபிட் போல இருந்தால் தாராளம், எங்களுக்கு ஏற்றும் வேகமே 10 மெகாபிட். அப்படியும் தைப்பூசக் காவடி முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் நான்கு செல்போன்களும் படங்களை ஏற்றத் தொடங்கினால் அம்மாவின் பேச்சு துண்டு துண்டாகக் கேட்கும். வேகம் போதாமல் இல்லை, ரவுட்டரில் வரிசை நீண்டு குரல் அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. ரவுட்டர் செட்டிங்கில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தேன், ஏற்றும் வேகத்தை 8 மெகாபிட்டில் கட்டினேன், போனை நெட்டோடு இணைக்கும் அடாப்டரை வைஃபையில் விடாமல் வயரில் மாட்டினேன். இப்போது காவடியன்றும் குரல் தெளிவு.

மின்சாரம்தான் உண்மையான பிரச்சினை. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, கரண்ட் போனால் போனும் போய்விடும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றும் சேர்ந்து 15 வாட் போல இழுக்கின்றன. முதலில் வாங்கிய 32 வாட்-அவர் மினி யூபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்கியது. 2023ல் ஒரு நாளில் பலமுறை கரண்ட் போகும் ஆறாம் கட்ட லோட்ஷெடிங் வந்தபோது ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அது முழுக்க சார்ஜ் ஆகவில்லை, மூன்றாவது வெட்டில் அரை மணி நேரத்தில் அணைந்தது. தெருமுனை செல்போன் டவரும் அப்படியே பேட்டரி தீர்ந்து நின்றது. அப்புறம் பெரிய பேட்டரி ஒன்று வாங்கி ஒரு சின்ன இன்வெர்ட்டரோடு இணைத்தோம். வாங்கும்போது வேகத்தைப் பார்த்துப் பணத்தைக் கொட்டாமல் ஒரு படி குறைந்த பிளான் எடுத்து, மிச்சத்தைப் பேட்டரியில் போடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

2024 மார்ச் கடைசிக்குப் பிறகு லோட்ஷெடிங் பெரும்பாலும் நின்றுவிட்டது, பேட்டரியை நான் எடுக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, செல்போனிலிருந்து வீட்டு எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். மாலை 5.30க்கு, ஊரில் 9 மணிக்கு, அம்மா கூப்பிடுவதற்கு முன்னால் சுவிட்சைப் போட்டுவிடுவேன்.